எங்கள் குடும்பத்து வாய்வு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து நீ கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். என்னை எனக்குத் தெரியும். சுகம் விசாரித்து, மருமகளுக்கு வாந்தி குறைந்ததா என்று கேட்டு, வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் விற்கிற விலையைப் பற்றி அழுது முடிக்கும்போது கடதாசி முடிந்துவிடும். சொல்ல வந்தது மட்டும் மிஞ்சி நிற்கும்.

உனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் இருக்குமோ தெரியாது. உன் வேலைக் கந்தோரில் எல்லோரும் வைத்தியப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். உன் வலது கையில் பேனை இருந்தது. ஆகவே வடை இடது கையில் இருந்தது. அதையும் நான் கண்டும் காணாததுபோல விட்டேன்.

"அம்மா, எங்கட ஆக்களில ஆருக்கும் ஹார்ட் வருத்தம் இருந்ததோ?"

"சீ, எங்கட ஆக்களுக்கோ? வாய்வுதான்."

"வாய்வு எண்டு போட இதில இடமில்லை."

"அப்ப இல்லை எண்டு போடு ராசா. இன்னொரு வடை போடட்டோ?"

நீ போட்டாய். நானும் போட்டேன். நீ போட்டது 'இல்லை', நான் போட்டது வடை. அதன்பிறகு இந்த ஐந்து நாளில் உன்னிடம் உண்மையைச் சொல்ல மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேற்று நீயே, "என்னம்மா, நான் சாப்பிடுறதில இப்ப இவ்வளவு அக்கறை?" என்று சிரித்தாய். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாத கவரில் வைத்து அனுப்புகிறேன். உன் மனைவி வாசிக்கலாம், அவளுடைய அம்மா வாசிக்கலாம், வாசலில் இருக்கிற செக்கியூரிட்டியும் தமிழ் தெரிந்தால் வாசிக்கலாம். மூடி மூடி வைத்ததால் வந்த வினையை மூடிய கவருக்குள் வைத்துச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் குடும்பத்தில் நெஞ்சுக்குள் என்ன நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். நெஞ்சு எரிந்தால் வாய்வு. நெஞ்சு இறுகினால் வாய்வு. இடது கை விறைத்தால் அது கைக்கு இறங்கிய வாய்வு, தாடை வலித்தால் மேலே ஏறிய வாய்வு. வருத்தத்தைக் கண்டுபிடிப்பதும் நாங்களே, உள்ளி, ஓமம், இஞ்சி என்று மருந்து கொடுப்பதும் நாங்களே. வைத்தியருக்கு நாங்கள் ஒரு வேலையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனால் என் அறுபத்துநாலு வயதில் வாய்வால் செத்த ஒருவரையும் நான் கண்டதில்லை. வாய்வு என்று சொல்லிக்கொண்டு செத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

உன் அம்மப்பாவை உனக்குப் படத்தில் மட்டும்தான் தெரியும். நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அவருக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட், சோற்றோடு பொரித்த கருவாடு, அதற்கு மேலே உப்பு மிளகாய். யாராவது ஏதாவது சொன்னால், "என்னைப் பாருங்கோ, தடி மாதிரி இருக்கிறன்" என்பார். உண்மைதான், தடி மாதிரித்தான் இருந்தார். ஒரு பின்னேரம் வேலையால் வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நல்லாக வேர்த்திருந்தது. "பிள்ளை, இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ தா. வாய்வு நெஞ்சில ஏறி நிக்குது" என்றார். எனக்குப் பதினேழு வயது. இஞ்சியை நல்லாக இடித்துப் போட்டுக் கொண்டுவந்தேன். அவர் குடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கெதியாக இடித்திருக்கலாமோ என்று நான் பல வருடம் நினைத்து அழுதிருக்கிறேன். அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

இனித்தான் எங்கள் ஆட்களின் மூளை வேலை செய்ததைப் பார். செத்தவீட்டில் அழுகை ஓய முதல், என் பெரியப்பா பெரியவர்களை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஹார்ட் எண்டு வெளியில விட்டால் ரெண்டு பெட்டையளுக்கும் ஒரு இடமும் சரிவராது. வருத்தக்காரக் குடும்பம் எண்டு தள்ளிப்போடுவாங்கள்" என்றார். வெளியே வரும்போது அப்பாவுக்கு மூளைக்காய்ச்சல் ஆகிவிட்டது. அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. அப்பாவின் அப்பாவைப் பாம்பு கடித்தது என்றுதான் சொல்லுவார்கள். கடித்த பாம்பை ஒருவரும் காணவில்லை, கடித்த இடத்தையும் ஒருவரும் காணவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார் என்பதை மட்டும் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் பழி பாம்புக்குத்தான். எனக்கும் உன் சித்திக்கும் நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. அதனால் பெரியப்பா சாகும்வரை தன் கெட்டித்தனத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

ஒருவர் மட்டும் அந்த மூளைக்காய்ச்சலை உண்மையென்று நம்பினார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. என் தம்பி, உன் குணம் மாமா.

குணம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்ததாகத்தான் உனக்குத் தெரியும். பாவம் அந்தக் குளியலறை, அது ஒரு குற்றமும் செய்யவில்லை. நடந்தது இதுதான். ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் மனேஜராக இருந்தபோது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு டொக்டரிடம் போனான். டொக்டர் நல்ல மனிதர், ஆறுதலாக எல்லாம் கேட்டார். "உங்கட அப்பாவுக்கு ஹார்ட் வருத்தம் ஏதும்?" என்றும் கேட்டார். "இல்லை டொக்டர், அவர் மூளைக்காய்ச்சலில போனவர்" என்றான் தம்பி. அவன் பொய் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னான். தெரிந்தவள் நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் அந்த மாதம் எத்தனை விரத நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் மகளுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த டொக்டரின் மனைவியோ வெள்ளவத்தை முழுதுக்கும் தெரிந்தவர்.

எதற்கும் நாளைக்கே வந்து ஈசிஜி எடுங்கள் என்று டொக்டர் சொன்னார். வெளியே வந்ததும் தம்பி, "எங்கட குடும்பத்தில அது இல்லைத்தானே அக்கா, அடுத்த கிழமை பாப்பம்" என்றான். நான், "ஓம், உள்ளியைச் சுட்டுச் சாப்பிடு" என்றேன். நாலாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நாற்பத்தேழு வயது. இதை நான் உன் அப்பாவுக்குக்கூட இந்தக் கிழமைதான் சொன்னேன்.

அந்தச் செத்தவீடு முடிந்த கையோடு நீ என்ன செய்தாய் தெரியுமா? கொள்ளுப்பிட்டியில் ஒரு ரப்பர் பாய் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் குளியலறைத் தரையில் போட்டாய். "அம்மா, நீங்களும் அப்பாவும் இதிலதான் கால் வைக்க வேணும்" என்று சத்தியம் வாங்கினாய். ஒன்பது வருடமாக நாங்கள் வழுக்கவில்லை. ஆனால் அந்தப் பாயில் கால் வைக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு வெட்கம். நீ அன்போடு காவல் போட்டாய், காவல் போட வேண்டிய இடத்தைத்தான் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை.

இனி என் கதை. எங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வருத்தம் வருமென்றால் அது உன் அப்பாவுக்குத்தான் என்று நான் முப்பது வருடம் உறுதியாக இருந்தேன். அவருடைய வயிறு அவருக்கு ஒரு அடி முன்னால் வீட்டுக்குள் வரும். காலி வீதியில் அவர் கால் வைத்தால் மட்டன் ரோல்ஸ் வைத்திருக்கிற கடைக்காரன் எல்லாம் சிரிப்பான். ஆகவே அவருக்கு எண்ணெயைக் கரண்டியால் அளந்தேன், தேங்காய்ப்பாலில் தண்ணீர் கலந்தேன், முட்டையின் மஞ்சளைப் பறித்தேன். பறித்த மஞ்சளை வீணாக்கக்கூடாது என்று நானே சாப்பிட்டேன். எனக்கு என்ன? நான் மெலிந்த ஆள், செவ்வாய் வெள்ளி சைவம், சிகரெட்டைக் கையாலும் தொடாதவள். எனக்கும் பிரஷர் இருந்தது. அதற்குக் குளிசை தந்திருந்தார்கள். தலை சுற்றாத நாளில் பிரஷர் இல்லை என்று நானே முடிவுகட்டிக் குளிசையை மிச்சம் பிடிப்பேன். கந்தசஷ்டி ஆறு நாளும் குளிசை விழுங்கினால் விரதம் முறியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டேன். விரதம் முடிந்து பாறணையில் உப்பு மிளகாயை மட்டும் குறை வைக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன், உன்னைக் கந்தோரால் மூன்று மாதப் பயிற்சிக்குச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தபோது, எனக்குத் தாடை உளைந்தது. முதுகு உளைந்தது. அடுப்படியில் இருந்து முன்னறைக்கு வருவதற்குள் களைத்தது. உன் அப்பா எங்கள் குடும்ப வழக்கப்படி ஓமத் தண்ணீர் தந்தார். நானும் எங்கள் குடும்ப வழக்கப்படி குடித்தேன். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியபோதுதான் எனக்கு என் அப்பாவின் நனைந்த சட்டை ஞாபகம் வந்தது. "இது வாய்வில்லை, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன புத்தியான வசனம் அது ஒன்றுதான். அடைத்துப்போன இரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள்.

இப்போது உனக்கு ஞாபகம் வரும், நான் அப்போது நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன் என்று. போகவில்லை ராசா. உனக்குப் பெண் பேசி முடிக்கிற நேரம் அது. கொட்டாஞ்சேனையில் நல்ல குடும்பம், நல்ல பிள்ளை. எனக்குப் பெரியப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. நீ போன் எடுத்தாய்.

"என்னம்மா, பின்னால ஏதோ அடிக்குது?"

"கோயில் மணி."

"கோயில் மணி உப்பிடியோ அடிக்கும்? கீக் கீக் எண்டு?"

"புது மணி ராசா. மிசின்ல அடிக்கிற மணி. அரோகரா!"

நான் சொன்ன அரோகராவைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா எழும்பி என்னைக் கும்பிட்டா. நீ வந்ததும் உன் நெற்றியில் பூசிய நல்லூர் விபூதி, உன் அப்பா எங்கள் ரோட்டு முனைக் கடையில் வாங்கிய பைக்கற். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

அதற்குப் பிறகு நான் களுபோவில அரசாங்க ஆஸ்பத்திரியில் இருதயக் கிளினிக் போய் வருகிறேன். ஏன் அவ்வளவு தூரம்? வெள்ளவத்தை ஆட்கள் எல்லோரும் காலி வீதிப் பக்கத்துத் தனியார் இடங்களுக்குத்தான் போவார்கள், களுபோவிலவில் தெரிந்த முகம் இராது என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது, மூன்று மாதத்துக்கு முன் வந்த செவ்வாய்க்கிழமை வரை. அன்று நோயாளிகள் காத்திருக்கிற நீட்டு வாங்கில் போய் இருந்து பக்கத்தில் திரும்பினால் யார்? உன் மாமியார்!

"அக்கா! நீங்கள் இஞ்ச?"

"தெரிஞ்ச ஆள் ஒருத்தரைப் பாக்க வந்தனான். நீங்கள்?"

"நானும் அப்பிடித்தான்."

இருவரும் கைப்பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் பைக்குள் கிளினிக் கொப்பி, அதற்குள் இருபத்துநாலாம் நம்பர் துண்டு. கதவைத் திறந்து நேர்ஸ் மிஸ் சிங்களத்தில் என் நம்பரைக் கூப்பிட்டா. "விசி ஹதர!" நான் அசையவில்லை. மின்விசிறியைப் பார்த்தேன். "விசி ஹதர!" யாரோ ஒரு மனுசி வரவில்லைப்போல என்று உன் மாமியாருக்கு நானே சொன்னேன். "ஓம், பொறுப்பில்லாத ஆக்கள்" என்றா அவ. அடுத்தது, "விசி பஹ!" இருபத்தைந்தும் எழும்பவில்லை. உன் மாமியாரும் மின்விசிறியைப் பார்த்தா. இருபத்தாறு போனது, முப்பது போனது, நாற்பதும் போய் வந்தது. நாங்கள் இருவரும் உங்கள் கலியாண அல்பத்தைப் பற்றி, புட்டுக்கு மா வறுப்பதைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைத்தோம். மற்றவ முதலில் எழும்பிப் போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு அந்த நீட்டு வாங்கில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். மிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து, அம்மாமார் இரண்டு பேரும் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டா. பார்க்கிறதற்கு அங்கே ஒரு மனிதரும் இல்லை.

உன் மாமியார்தான் முதலில் சிரித்தா. பிறகு பையைத் திறந்து கொப்பியை எடுத்து மடியில் வைத்தா. நானும் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே நிற மட்டை. "பைபாஸ்" என்றா. "கலியாணத்துக்கு ஆறு மாசம் முந்தி. உங்களுக்குச் சொன்னால் மாப்பிள்ளையைத் தரமாட்டியள் எண்டு பயந்திட்டன் அக்கா." வெள்ளவத்தை ஆட்கள் களுபோவிலவுக்கு வரமாட்டார்கள் என்று அவவும் கணக்குப் போட்டிருந்தா. மிஸ்ஸிடம் ஏச்சு வாங்கி, மருந்து வாங்கி, பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று ஒரு ஒப்பந்தமும் செய்துகொண்டு, பக்கத்துச் சைவக் கடையில் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம். அதன்பிறகு ஒன்றாகத்தான் கிளினிக் போகிறோம். அதுவரை சம்பந்திகளாக இருந்த நாங்கள் அன்றைக்குத்தான் சிநேகிதிகள் ஆனோம்.

போன ஞாயிறு நீ வடையும் கையுமாகப் போனபிறகு, ஏதோ மனம் பொறுக்காமல் அவவுக்குப் போன் எடுத்தேன். "என்ர மகன் கேட்டான், இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். அதற்கு அவ, "மகளையும் கர்ப்பிணிக் கிளினிக்கில கேட்டவையாம். அவ என்னைக் கேட்டா. நானும் இல்லை எண்டுதான் சொன்னனான்" என்றா. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் அதற்கு இரண்டு பக்கத்தாலும் இரண்டு பொய் சீதனம். அன்று எனக்கு டொக்டரின் சுவரில் தொங்கிய கலண்டர் ஞாபகம் வந்தது. ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு இருந்து தம்பியைக் கொடுத்தேன். உன்னையும் கொடுக்க என்னால் ஏலாது. எனக்குப் பயமாக இருக்கிறது மகனே, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உனக்கு முப்பத்தாறு வயது. அம்மப்பாவைப்போலத் தடி மாதிரி இருக்கிறாய், அதை நம்பாதே. ரத்தத்தில் கொழுப்பையும் சீனியையும் வெறும் வயிற்றில் பரிசோதிக்கச் சொல்லு, பிரஷரைப் பார்க்கச் சொல்லு. குளிசை தந்தால் சஷ்டியோ சிவராத்திரியோ விழுங்கு. முருகன் கோவித்தால் நான் கதைத்துக்கொள்கிறேன். கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் பதினொரு மணித்தியாலம் ஒரே கதிரையில் இருந்து, லிப்டில் ஏறி, லிப்டில் இறங்கி, கொத்துரொட்டியை வீட்டு வாசலுக்கு வரவழைக்கிறாய். பின்னேரத்தில் கடற்கரைப் பக்கமாக நட. உன் மனைவியையும் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப்போ. சிகரெட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பெப்பர்மின்ற் வாசம் பிடிக்கிற மூக்கு எனக்கு உன் அப்பாவைக் கட்டிய நாளில் இருந்து இருக்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன். உப்பு விஷயத்தில் குற்றம் என்னுடையது. அம்மாவின் கைருசி என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில் பாதி உப்பு.

உன் அப்பா இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து நம் குடும்பக் குறூப்பில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். போடட்டும் என்றேன். சித்தியின் பிள்ளைகளும் குணம் மாமாவின் பிள்ளைகளும் பார்க்கட்டும். பாம்பு, காய்ச்சல், குளியலறை என்று அவர்களும் எங்கேயோ எழுதிக்கொடுத்திருப்பார்கள். கொட்டாஞ்சேனையில் உன் மாமியாரும் இன்றைக்குத் தன் மகளுக்குச் சொல்லப் போகிறா. கதைக்க வராது, அழுதுவிடுவேன் என்கிறா. அழட்டும், கொப்பியை நீட்டிவிட்டு அழுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கு. 'இல்லை' என்று போட்டதை வெட்டி 'ஆம்' என்று போடு. கீழே எழுது. அம்மாவின் அப்பா, நாற்பத்தொன்பது வயதில், இருதயம். அம்மாவின் தம்பி, நாற்பத்தேழு வயதில், இருதயம். பிறகு என்னையும் எழுது: அம்மா, அறுபது வயதில், இருதயம், இன்னும் இருக்கிறா. அந்தக் கடைசிச் சொல்லுக்குப் படிவத்தில் இடம் இராது. ஓரத்தில் என்றாலும் எழுது. எங்கள் குடும்பத்தில் உண்மையைச் சொன்ன நேரம் ஒரு ஆள் தப்பியிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

அம்மா